முப்பது ஒட்டகப் பொதியும் ஒற்றைச் சட்டையும்

நோன்பு மாதம் நெருங்கும்போது வீட்டைத் துப்புரவு செய்வது நம் இல்லங்களில் உள்ள நல்ல பழக்கம். பரண்மீது இருப்பவற்றையெல்லாம் கீழே இறக்குகிறோம். கலியாணத்துக்கு வந்து இதுவரை அடுப்பேறாத பாத்திரங்கள், பிடி உடைந்த கெண்டி, யாரும் விரிக்காத ஜமக்காளம், சாவி தொலைந்த பெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தூசி தட்டித் துடைக்கிறோம். பிறகு அவ்வளவையும் மறுபடி பரண்மேலேயே ஏற்றிவிடுகிறோம். அடுத்த நோன்பு வரை அவற்றை எவரும் தொடப்போவதில்லை.

இது சோம்பலால் மட்டும் நேர்வதன்று. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது நமக்கு எதற்கு, இதில் வேறு யாருக்கேனும் உரிமை உண்டா என்று கேட்க நமக்குத் துணிவு வருவதில்லை. அப்படிக் கேட்கத் துணிந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்கள் ஏழை வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். அக்காலத்தில் உலகத்திலேயே பெரிய அரசுகளில் ஒன்றை ஆண்ட குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்களே ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

செல்வத்தில் வளர்ந்த பிள்ளை

அன்னாரின் தந்தை அப்துல் அஜீஸ், உமையா கலீபா மர்வானின் மகனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எகிப்தை ஆண்ட கவர்னர். தாயார் உம்மு ஆஸிம், ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகனார் ஆஸிமுடைய மகளார். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறானே என்று மறுத்த ஏழைப் பெண்ணின் சரித்திரத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரவில் நகர்வலம் வந்த உமர் (ரலி) அவர்கள் அதைக் கேட்டு, அந்தப் பெண்ணையே தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளையே நம் உமர்.

கல்வி கற்க அவர்களை மதீனாவுக்கு அனுப்பியிருந்தார் தந்தை. ஒரு நாள் தொழுகைக்குத் தாமதமாக வந்தார்கள். ஆசிரியர் ஸாலிஹ் பின் கைஸான் காரணம் கேட்டபோது, தலைவாரி விடுபவள் முடியைச் சரிசெய்து முடிக்க நேரமாகிவிட்டது என்று பதில் வந்தது. ஆசிரியர் இதை எகிப்துக்கு எழுதினார். தந்தை உடனே ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் வேறெதுவும் பேசாமல் முதலில் பிள்ளையின் தலையை மழித்துவிட்டார். தொழுகைக்குக் குறுக்கே வந்த அழகு போகட்டும் என்பது தந்தையின் தீர்ப்பு.

ஆனாலும் ஆடம்பரம் அத்தோடு போய்விடவில்லை. வாலிபத்தில் அவர்கள் பூசிய அத்தரின் மணம் அவர்கள் கடந்து சென்ற பிறகும் தெருவில் தங்கியிருக்குமாம். அந்த மணம் தங்கள் துணியிலும் ஏறட்டும் என்பதற்காகவே அவர்கள் உடையுடன் சேர்த்துத் தம் உடையையும் வெளுத்துத் தரும்படி சிலர் வண்ணாருக்குக் கூடுதல் கூலி கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் நடந்த ஒயிலான நடைக்கே ஒரு பெயர் இருந்தது. இளம் பெண்கள்கூட அதைப் பார்த்துப் பழகினார்கள். விலையுயர்ந்த துணி வந்தாலும் இது முரடாக இருக்கிறதே என்பார்கள். தம் பெரிய தந்தையாகிய கலீபா அப்துல் மலிக்கின் மகளார் பாத்திமாவை மணந்தார்கள். ஹிஜ்ரி 87ல் (கி.பி. 706) மதீனாவின் கவர்னராகப் பொறுப்பேற்க வந்தபோது, அன்னாருடைய தட்டுமுட்டுச் சாமான்களை முப்பது ஒட்டகங்கள் சுமந்து வந்தன.

முப்பது ஒட்டகம்! வீடு மாற்றும் நாளில் நம் சாமான்கள் தெருவில் இறங்கும்போது, இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று நாமே திகைப்பதில்லையா? அதை நினைத்துக் கொண்டால் அந்தப் பொதிகள் நம் கண்ணுக்கும் தெரியும்.

சின்னஞ்சிறு அறைகள்

அந்த நாளிலும் அன்னார் கொடுங்கோலராக இருக்கவில்லை. மதீனாவில் இறங்கியதுமே உர்வா பின் ஜுபைர், காஸிம் பின் முஹம்மது, ஸாலிம் பின் அப்துல்லாஹ் முதலான பத்து மார்க்க மேதைகளை அழைத்து, அவர்களைக் கலக்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று வாக்களித்தார்கள்.

அடுத்த ஆண்டு கலீபா வலீதிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. மஸ்ஜிதுந் நபவியைப் பெரிதாக்க வேண்டும். அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகளை இடித்துப் பள்ளியோடு சேர்க்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் அடங்கப்பெற்றிருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மட்டும் காக்கப்பட்டது. மற்றவை இடிக்கப்பட்டன.

அவை எப்படிப்பட்ட வீடுகள்? பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையும் மண் பூச்சும் கொண்டு கட்டியவை. வாசலில் ரோமத்தால் நெய்த ஒரு திரை. இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சிறுவராக அங்கே நுழைந்தபோது கூரையைக் கையால் தொட முடிந்ததாம். அரபு நாடு முழுவதும் எவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதோ, அவருடைய குடும்பம் வாழ்ந்த இடம் அது!

இடிக்கும் கட்டளை வாசிக்கப்பட்ட நாளில் மதீனாவாசிகள் அழுததைப்போல் அதற்கு முன் அழுததில்லை என்று அன்று அங்கிருந்தவர் கூறியுள்ளார். தாபியீன்களில் தலைசிறந்த ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள், இந்த அறைகளை அப்படியே விட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். மதீனாவில் வளரும் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து வருவோரும் இவற்றைப் பார்த்து, நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவோடு போதுமாக்கிக் கொண்டார்கள் என்று அறிந்திருப்பார்கள். பொருளைக் குவிப்பதிலும் அதைக்கொண்டு பெருமையடிப்பதிலும் அவர்களுக்கு ஆசை குறைந்திருக்கும் என்பது அப்பெரியாரின் ஆதங்கம்.

அந்த இடிப்பை முன்னின்று நடத்த வேண்டியிருந்தவர் முப்பது ஒட்டகப் பொதியோடு வந்த கவர்னர் உமர்தாம். அன்று அவர்கள் உள்ளத்தில் என்ன ஓடியதென்று அல்லாஹ்தான் அறிவான். ஆனால் அந்தக் கூரைகளின் உயரத்தை நேரில் பார்த்தவர்கள் அவர்கள் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஏனெனில் பத்தாண்டுக்குப் பிறகு அன்னார் வாழ்ந்த வீடு அந்த அறைகளைத்தான் நினைவூட்டுகிறது.

பைத்துல்மாலுக்குப் போன பந்தல்

ஹிஜ்ரி 99 ஸபர் மாதம் (கி.பி. 717) கலீபா சுலைமான் வடக்கு ஷாமிலுள்ள தாபிக் என்னுமிடத்தில் வபாத்தானார். ரஜா பின் ஹைவா (ரஹ்) என்ற நல்லறிஞரின் ஆலோசனைப்படி அவர் எழுதி முத்திரையிட்டு வைத்த மரண சாசனம் பிரிக்கப்பட்டது. அதில் இருந்தது உமர் பின் அப்துல் அஜீஸின் பெயர். அதைக் கேட்டு மகிழவேண்டியவர் கலங்கிப் போனார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அலங்கரித்த குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவை கலீபாவின் சவாரிக்கு உரியவை என்றார்கள். எனக்கு என் கோவேறு கழுதை போதும் என்று சொல்லி, குதிரைகளை விற்றுப் பணத்தைப் பைத்துல்மாலில் சேர்க்கும்படி கட்டளையிட்டார்கள். பின்னர் புதிய கலீபாவுக்கென்று அமைத்த கூடாரங்களும் விரிப்புகளும் வந்தன. அவையும் பைத்துல்மாலுக்குப் போயின. மறைந்த கலீபாவின் ஆடைகளும் அத்தர்களும் வந்தன. அவர் பயன்படுத்தியவை அவருடைய மக்களுக்கு, பயன்படுத்தாதவை புதிய கலீபாவுக்கு என்பது அன்றைய வழக்கம். இவை எனக்கும் உரியவையல்ல, அவர்களுக்கும் உரியவையல்ல, முஸ்லிம்களுக்கு உரியவை என்று அவற்றையும் அனுப்பிவிட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்னார் எந்தப் பொருளையும் அழகில்லை என்றோ, இடத்தை அடைக்கிறது என்றோ ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இது யாருடைய உரிமை?

அந்தக் கேள்வி விரைவிலேயே தம் சொந்தச் சொத்துக்கும் வந்தது. உமையா குடும்பத்தாருக்குக் கலீபாக்கள் வழங்கியிருந்த நிலங்கள் பல. அவற்றில் உமருக்கு வந்த பங்கும் பெரிது. அவற்றைத் திருப்பிவிடப் போவதாகச் சொன்னபோது, அன்னாரின் நம்பிக்கைக்குரிய பணியாளர் முஜாஹிம், பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டார். உமர் (ரஹ்) அவர்களின் கண்கள் நிறைந்தன. அவர்களை அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன் என்றார்கள். மனம் கேளாத முஜாஹிம், கலீபாவின் வாலிப மகன் அப்துல் மலிக்கிடம் போய் முறையிட்டார். மகனோ தந்தையிடம் ஓடி, செய்யப் போவதை இப்போதே செய்துவிடுங்கள், நாளை வரை உயிரோடிருப்போம் என்பதற்கு யார் பொறுப்பு என்று அவசரப்படுத்தினார்! மக்கள் பள்ளியில் கூட்டப்பட்டார்கள். முஜாஹிம் ஒவ்வொரு பத்திரமாக வாசிக்க, கலீபா ஒவ்வொன்றையும் கத்தரியால் வெட்டிப் போட்டார்கள். தம் சொந்தப் பணத்தில் தோண்டி உண்டாக்கிய சுவைதா என்ற ஊற்று நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது தமக்கு ஹலாலானது என்று அவர்களுக்குத் தெரியும். ஆட்சிக்கு வந்தபோது ஆண்டுக்கு 40,000 தீனாராக இருந்த வருமானம் அவர்கள் மறைந்தபோது 400 தீனாராக இருந்தது என்று அன்னாரின் புதல்வர் பிற்காலத்தில் அப்பாஸிய கலீபா மன்ஸூரிடம் தெரிவித்ததாக வரலாறு கூறுகிறது.

நகைப் பெட்டி

அடுத்தது வீட்டுக்குள். மனைவி பாத்திமா அவர்களிடம் தந்தை அப்துல் மலிக் தந்த ஒப்பற்ற நகை ஒன்று இருந்தது. இந்த அம்மையார் ஒரு கலீபாவின் பேத்தி, ஒரு கலீபாவின் மகள், நான்கு கலீபாக்களின் சகோதரி, ஒரு கலீபாவின் மனைவி. இப்படி ஒரு நிலை வேறெந்தப் பெண்ணுக்கு வாய்த்தது?

உமர் (ரஹ்) அவர்கள் அந்த நகையைப் பறிக்கவில்லை. மனைவியிடம் உட்கார்ந்து பேசினார்கள். இதைப் பைத்துல்மாலில் சேர்த்துவிடு, அல்லது உன்னைப் பிரிய எனக்கு அனுமதி கொடு, நீயும் நானும் இந்த நகையும் ஒரே வீட்டில் இருப்பதை நான் வெறுக்கிறேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அம்மையார் தயங்கவில்லை. இதைப்போல் பல மடங்கு இருந்தாலும் நான் உங்களையே தேர்ந்தெடுப்பேன் என்றார்கள். நகை பைத்துல்மாலுக்குச் சென்றது.

இந்தச் சோதனையின் முடிவு பின்னால் தெரிந்தது. கணவர் மறைந்தபின் சகோதரர் யஜீத் கலீபாவானார். நகையைத் திருப்பித் தருகிறேன் என்று அம்மையாரிடம் சொன்னார். அவர் உயிரோடிருந்தபோது மனமுவந்து கொடுத்ததை அவர் இறந்தபின் திரும்ப வாங்குவேனா என்று மறுத்துவிட்டார்கள். கணவரின் கட்டாயத்துக்காகக் கொடுத்திருந்தால் அன்று வாங்கியிருப்பார்கள் அல்லவா?

வெறுமையான வீடு

இராக்கிலிருந்து ஓர் ஏழைப் பெண் கலீபாவைக் காண வந்தாள். தடையேதும் இல்லாமல் வீட்டுக்குள் விடப்பட்டாள். பாத்திமா அம்மையார் கையில் பஞ்சோடு வேலையாயிருந்தார்கள். அந்தப் பெண் நாலா பக்கமும் பார்த்தாள். விலை மதிப்புள்ள ஒரு பொருளும் கண்ணில் படவில்லை. என் வீட்டைச் சீராக்கிக் கொள்ளலாமென்று இந்தப் பாழடைந்த வீட்டுக்கா வந்தேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். உங்களைப் போன்றோரின் வீடுகள் சீரடைய வேண்டுமென்றுதான் இந்த வீடு பாழானது என்று அம்மையார் பதில் சொன்னார்கள்.

அச்சமயம் ஒரு மனிதர் உள்ளே வந்து கிணற்றில் நீர் இறைத்து, முற்றத்தில் கிடந்த மண்ணில் ஊற்றினார். அவர் பார்வை அம்மையார் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மண்வேலைக்காரன் பார்க்கிறானே, மறைந்துகொள்ளக் கூடாதா என்று வந்தவள் கேட்டாள். அவர்தாம் அமீருல் மூமினீன் என்று அறிந்ததும் அவள் நிலை எப்படி இருந்திருக்கும்! தந்தையில்லாத தன் பெண்மக்களைப் பற்றி அவள் முறையிட, கலீபா அழுதபடியே அவர்களுக்கு உதவித்தொகை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே அந்த வீடு வெறுமையானது தற்செயல் அல்ல. அங்கிருந்து போனது வேறொரு வீட்டைச் சென்றடைந்தது. அன்னாரின் ஆட்சியில் ஆப்பிரிக்கா பகுதிக்கு ஜகாத் வசூலிக்கச் சென்றவர், அதை வாங்கிக்கொள்ளும் ஏழை கிடைக்காமல் அடிமைகளை விலைக்கு வாங்கி உரிமைவிட்டதாகச் சொன்னார் என்பதும் வரலாறு.

பருப்பும் வெங்காயமும்

இவ்வளவும் எளிதாக நடந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஒரு தந்தைக்கு இது எவ்வளவு வலித்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

ஓரிரவு பெண்மக்களைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு விலகினார்கள். காரணம் கேட்டபோது, இரவு உணவுக்குப் பருப்பும் வெங்காயமும் தவிர வேறெதுவும் இல்லை, அந்த வாடை தங்களுக்கு வரக்கூடாதென்று வாயை மூடுகிறார்கள் என்று பணிப்பெண் சொன்னாள். கலீபா அழுதார்கள். வகைவகையாக நீங்கள் உண்டு, உங்கள் தந்தை நரகத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டால் உங்களுக்கு என்ன பயன் என்றார்கள். பிள்ளைகளும் அழுதார்கள்.

இன்னொரு நாள் பொதுச் சொத்தான ஆப்பிள்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சிறு மகன் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். அதைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு தாயிடம் ஓடியது. தாயார் கடையில் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார்கள். வீடு திரும்பிய கலீபா ஆப்பிள் வாசனையை உணர்ந்து விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அதை என் இதயத்திலிருந்தே பிடுங்கியதுபோல் இருந்தது, ஆனாலும் ஓர் ஆப்பிளுக்காக அல்லாஹ்விடம் என்னை நான் இழக்க விரும்பவில்லை என்று மனைவியிடம் சொன்னார்கள்.

அரசாங்க வேலையிலும் இதே கணக்குத்தான். அரசு வேலைக்குப் பைத்துல்மால் விளக்கு. சொந்தப் பேச்சு தொடங்கினால் அதை அணைத்துத் தம் விளக்கை ஏற்றுவார்கள். மதீனாவின் அதிகாரி அபூபக்ர் பின் ஹஜ்ம் எழுதுதாள் கேட்டு எழுதியிருந்தார். எழுதுகோலைக் கூராக்கி, எழுத்தை நெருக்கி, பல தேவைகளை ஒரே தாளில் சேர்த்து எழுதுங்கள் என்று பதில் போயிற்று. இருட்டில் பள்ளிக்குப் போக மெழுகுவர்த்தி கேட்டதற்கு, முன்பு விளக்கில்லாமல் போய்வந்ததை நினைவுபடுத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ்களைத் திரட்டி எழுதும்படி உமர் (ரஹ்) அவர்கள் பணித்ததும் இதே அபூபக்ருக்குத்தான். தாளை எதற்குச் சேமிக்க வேண்டும், எதற்குச் செலவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒற்றைச் சட்டை

ஹிஜ்ரி 101ல் நோய்வாய்ப்பட்டார்கள். நஞ்சூட்டப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். நலம் விசாரிக்க வந்த மைத்துனர் மஸ்லமா, சட்டை அழுக்காயிருப்பதைக் கண்டு, அதைத் துவைத்துப் போடும்படி தம் சகோதரியிடம் சொல்லிப் போனார். மறுபடி வந்தபோதும் அதே சட்டை, அதே அழுக்கு. மஸ்லமா கோபித்துக்கொண்டார். அவருக்கு வேறு சட்டை இல்லை என்றார்கள் பாத்திமா அம்மையார்.

பிள்ளைகளை ஏழைகளாக விட்டுச் செல்கிறீர்களே என்று மஸ்லமா வருந்தினார். அவர்கள் நல்லவர்களானால் அல்லாஹ் அவர்களைப் பார்த்துக்கொள்வான், தீயவர்களானால் அவர்கள் பாவத்துக்கு நான் பொருளுதவி செய்யமாட்டேன் என்பது அன்னாரின் பதில். தம் கபுருக்கான இடத்தையும் விலை கொடுத்தே வாங்கினார்கள். ரஜப் மாதம் (கி.பி. 720) தைர் ஸிம்ஆனில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது நாற்பதை ஒட்டியிருந்தது. ஆண்டது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. முப்பது ஒட்டகப் பொதியோடு தொடங்கிய வாழ்க்கை மாற்றுச் சட்டையில்லாமல் முடிந்தது.

நம் பரண்கள்

நாம் எல்லோரும் ஒற்றைச் சட்டையோடு வாழவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. ஹலாலான பொருளை அனுபவிக்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது. உமர் (ரஹ்) அவர்களும் ஹலாலான தம் ஊற்று நிலத்தை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்தோம். நாம் கடன் வாங்க வேண்டியது அவர்கள் கேட்ட கேள்வியை.

அடுத்த முறை பரணைத் துப்புரவு செய்யும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து அதைக் கேட்டுப் பார்ப்போம். இது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் திருப்பித் தராத பாத்திரமா? அப்படியானால் இன்றே கொண்டுபோய்க் கொடுப்போம். மறைந்த தாயாரின் உடைமையா? அப்படியானால் அதில் பங்குள்ள சகோதர சகோதரிகளைக் கேட்போம். ஊரார் பார்க்கட்டும் என்று வாங்கியதா? தகாஸுர் அத்தியாயம் எதைக் குறித்து எச்சரிக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். நமக்கு இனித் தேவையில்லாததாயினும் நல்ல நிலையில் உள்ளதா? அதற்காகக் காத்திருக்கும் ஒரு குமரின் வீடு நம் மஹல்லாவிலேயே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த வேலையைக் கணவர் தனியாகக் கட்டளையிட்டுச் செய்யவேண்டாம். உமர் (ரஹ்) அவர்கள் கழிக்கத் தொடங்கியது தமக்கு வந்த குதிரைகளிலிருந்து, தம் நிலப்பத்திரங்களிலிருந்து. மனைவியின் நகைக்கு வந்தபோது கேட்டுத்தான் வாங்கினார்கள். தம் பெட்டியைத் திறக்காமல் மனைவியின் பீரோவைக் குறைசொல்லும் ஆண்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

கபுரில் வைக்கும்போது நம்மோடு மூன்று துண்டுத் துணி வரும், பெண்களுக்கு ஐந்து. பரணிலுள்ளவற்றில் ஒன்றும் வராது, அவற்றின் கேள்வி கணக்கைத் தவிர. அந்தக் கணக்கை இலேசாக்கிக்கொள்ளும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.